அகராதி சொல்லாத பொருள்



எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனார்: "சொல்லுக்குப் பொருள் வேணுமா? அகராதியைப் புரட்டு. வரலாறு எதுக்கு?"

ஐயா, ஆங்கிலத்திலே ஒரு வினைச்சொல். 'டிஃபெனஸ்ட்ரேட்'. எப்போதாவதுதான் கண்ணில் படும். லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். அகராதி என்ன சொல்லுது? 'ஜன்னல் வழியாகத் தூக்கி எறிதல்'. தானாத் தவறி விழுந்தா இந்தச் சொல் பொருந்தாது. எறியறதுக்கு ஒரு கை வேணும்! (சிரிப்பு)

வாசல் இருக்கும்போது ஜன்னல் வழியா எறியறதுக்குத் தனியா ஒரு சொல்லா? யாருய்யா எறிஞ்சா? யாரை எறிஞ்சா? அதைச் சொல்ல வரலாறுதான் வரணும்.

பிராக் நகரம். 1419-லேயே அங்கே மதச் சண்டையில் நகர மன்றத்தாரை ஜன்னல் வழியே எறிந்து கொன்றார்கள். மறுபடியும் 1618, மே 23. புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோபத்தோடு கோட்டைக்குள் புகுந்து, பேரரசரின் கத்தோலிக்க அதிகாரிகள் இருவரையும், கூடவே அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியே எறிந்தார்கள். சுமார் 70 அடி உயரம். மூணு பேரும் பிழைச்சிட்டாங்க! "தேவ அருள்" என்றது ஒரு கட்சி. "குப்பைமேட்டு அருள்" என்றது மறு கட்சி. (பலத்த சிரிப்பு) பாவம், அந்தச் செயலாளர் ஃபாப்ரீசியஸ்! பின்னாளில் பேரரசர் அவருக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'ஹோஹென்ஃபால்'. உயரத்திலிருந்து விழுந்தவராம்! (கைதட்டல்)

சிரிச்சிட்டோம். ஆனா அந்த ஜன்னலில் பற்றிய நெருப்புதான் முப்பதாண்டுப் போர். 1648-ல்தான் அடங்கியது. எறியப்பட்ட மூவரும் பிழைத்தார்கள். எந்தப் பாவமும் அறியாத லட்சக்கணக்கான மக்கள் போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டார்கள்.

இன்றைக்கு ஒரு கட்சி தன் தலைவரைத் திடீரென்று பதவியிலிருந்து தூக்கினாலும் ஆங்கிலப் பத்திரிகை இதே சொல்லைப் போடுகிறது. அகராதி அதையும் ஒரு வரியில் சொல்லிடும். ஆனா எறிவதற்கு ஒரு நொடி, அதன் விளைவு அடங்க முப்பது வருஷம் என்பதைச் சொல்லுமா? வீட்டிலே அண்ணன் தம்பியைப் பார்த்து "வெளியே போ"ன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? திரும்ப உள்ளே அழைக்க எத்தனை வருஷமாகுது?

பொருளை அகராதி தரும். அதன் பாரத்தை வரலாறுதான் தரும் என்று கூறி அமர்கிறேன்.