இணையவழியில் கூடிப் பணிசெய்தல்: மலர்க்குழுவின் அனுபவம்

(நூற்றாண்டுச் சிறப்புப் பொதுக்கூட்டத்தில் மலர்க்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலர் அச்சகத்துக்குப் போகுமுன், அதை எப்படித் தொகுத்தோம் என்று சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் எங்களைக் கேட்டார். இது பதினொரு பேர் சேர்ந்து செய்த வேலை. ஆகவே இந்த உரையையும் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பவர் மட்டும் ஒருவர். எங்களுக்குப் பின் வரும் குழுக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதால், சரியாகச் செய்தவற்றுக்கு முன் பிழையாகச் செய்தவற்றைச் சொல்கிறோம்.

எமது சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளைப் பற்றி எழுத்தில் எம்மிடம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. கூட்டக் குறிப்பேடுகள், அங்கத்தவர் பதிவேடு, புகைப்படங்கள் எல்லாம் அப்போதைய செயலாளரின் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருந்தன. 1983 யூலையில் வீட்டோடு அவையும் எரிந்தன. அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் அவர். அவர்மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே வீட்டில், ஒரே பிரதியாக இருந்தன.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த நாங்கள் அதே பிழையை மறுபடி செய்தோம். இம்முறை நெருப்பு இல்லை. ஒரு கைத்தொலைபேசி போதுமாக இருந்தது.

குழு தொடங்கியபோது எங்களில் நால்வர் வெள்ளவத்தையில், இருவர் கொட்டாஞ்சேனையில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் நகரங்களில் இருந்தோம். எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருந்தது. உடனே ஒரு குறுஞ்செய்திக் குழுவைத் தொடங்கினோம். எந்தச் செயலி எந்த வேலைக்கு உகந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் இருந்தது, அதனால் பாவித்தோம். இரண்டே மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் நடுவில் கட்டுரைகள் காணாமற் போயின. ஒரே கட்டுரை ‘கடைசி’, ‘புதிய கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று பெயர்களில் சுற்றியது.

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த எங்கள் பழைய ஆசிரியை ஒருவர், எண்பத்தெட்டு வயதில், தமது நினைவுகளை ஏழு குரற்பதிவுகளாகச் சொல்லியிருந்தார். பேரன் அவற்றைக் குழுவுக்கு அனுப்பினான். நாங்கள் கைகூப்பும் படங்களைப் பதிலாக அனுப்பினோம். முழுவதையும் கேட்டவர்கள் இருவர். எழுத்தாக்க ஒப்புக்கொண்டவரின் தொலைபேசி பழுதாகி மாற்ற வேண்டி வந்தது. மற்றவர்கள் பதிவுகளைத் தரவிறக்கியிருக்கவில்லை. பின்னர் முயன்றபோது அவை திறக்கவில்லை. பேரனின் தொலைபேசியிலும் இடமில்லாமல் அழிக்கப்பட்டிருந்தன. திரும்பவும் சொல்லித் தாருங்கள் என்று கேட்க வெட்கப்பட்டுச் சில வாரங்கள் கடத்தினோம். அதற்குள் ரீச்சர் காலமானார்.

செத்த வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று மாலை, காலி வீதிக்கு அருகே ஒரு தோழியின் வீட்டில் கூடினோம். அன்றுதான் முறையாக யோசிக்கத் தொடங்கினோம். வங்கியொன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்த அக்கா ஒருவர் சொன்னார்: “எந்தச் செயலி நல்லது எண்டு கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்லுவினம். எங்கட வேலை என்ன எண்டு முதல்ல எழுதுங்கோ.” ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதினோம். என்ன வேலை? யார் வெளியே நிற்க நேரும்? இணையம் நின்றால் என்ன செய்வோம்? திறப்பு யார் கையில்?

முதற் கேள்விக்கு விடையாக வேலையை நான்காகப் பிரித்தோம்: பேசுவது, எழுதுவது, சேமிப்பது, கூடுவது. பேச்சுக்குக் குறுஞ்செய்திக் குழு தொடர்ந்தது. எழுத்துக்குக் கூகுள் டொக்ஸ்; ஒரு கட்டுரைக்கு ஒரே கோப்பு, யார் எப்போது என்ன மாற்றினார் என்பது அதிலேயே தெரியும், பழைய வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் கூகுள் ட்ரைவ். கூட்டத்துக்கு ஸூம். இலவச ஸூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். அதையே கூட்டத்தின் எல்லையாக்கினோம். கோடைகாலத்தில் ஞாயிறு மாலை 6.30க்குக் கொழும்பில் கூடினால் ரொறன்ரோவில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2 மணி, மெல்பேணில் இரவு 11 மணி. மெல்பேண் தங்கைக்காக மாதத்தில் ஒருமுறை நேரத்தை மாற்றினோம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. எமக்கு முன்பே தமிழர்கள் கடல் கடந்து கூடி வேலை செய்திருக்கிறார்கள். 1998 தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் காணாத தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்னஞ்சலில் பரிமாறினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 முதல் வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் அவர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அதே விக்கி மென்பொருளிலேயே எமது நாட்டுத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இவர்கள் பாவித்த கருவிகள் எளியவை. யார் எதைச் செய்வது, முடித்ததை எங்கே வைப்பது என்ற ஒழுங்கு உறுதியாக இருந்தது. நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததும் அந்த ஒழுங்கைத்தான்.

மூன்றாவது கேள்வியைக் கொழும்பில் வாழும் எவரும் ஒதுக்க முடியாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது, கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் சிநேகிதிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் தவித்தோம். அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, மாத இறுதியில்தான் திரும்பின. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதுவே நடந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது.

ஆகவே மூன்று தீர்மானங்கள் எடுத்தோம். டொலரில் மாதச் சந்தா கட்டும் எதையும் எடுப்பதில்லை. ஒவ்வொருவரின் சாதாரணத் தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் கடதாசியில் அச்சிட்டு இரு இடங்களில் இருக்கும். கோப்புகள் மாதந்தோறும் ஒரு வன்தட்டில் பிரதி செய்யப்படும். இலவசம் என்பதும் நிலையானதல்ல. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. ஸ்கைப் 2025 மே மாதத்தில் நின்றது. எந்தச் செயலியை எடுத்தாலும், அதிலிருந்து எமது பொருளை வெளியே எடுக்க வழி உண்டா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் எங்களை அதிகம் சங்கடப்படுத்தியது. அங்கத்தவர் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சொல்ல அதிகம் உள்ளவர்களே இணையத்தில் இல்லாதவர்கள். முன்னாள் செயலாளரான ஒரு அக்காவிடம் டொக்ஸைக் காட்டினோம். “எனக்கு உது சரிவராது பிள்ளையள், நான் எழுதித் தாறன்” என்றார். முன்பென்றால் அவரை விட்டுவிட்டு நடந்திருப்போம். இம்முறை ஒவ்வொரு மூத்த அங்கத்தவருக்கும் ஒரு இளையவரைத் துணையாக்கினோம். துணையானவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் பிரதியைப் படமெடுத்து, தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்சிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். அக்கா சிவப்புப் பேனையால் திருத்தித் தருவார். மலரில் பிழை மிகக் குறைந்த கட்டுரை அவருடையதுதான். இப்போது எங்கள் கட்டுரைகளும் அவரிடம் அச்சிட்டே போகின்றன.

இளையவர்களுக்கும் தடைகள் இருந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் டொக்ஸில் புரியாத ஆங்கில எழுத்துக்களாக மாறி நின்றன. யூனிகோட்டுக்கு மாற்றும் வழியை ஒரு சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தோம். கைத்தொலைபேசியில் தமிழில் தட்டச்சு செய்ய இன்னொரு மாலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு கட்டுரையைப் புதிய முறையில் செய்து பார்த்தோம். பின்னர் ஒரே ஒரு விதி: குறுஞ்செய்திக் குழுவில் எதை முடிவு செய்தாலும், அன்றிரவே ஒருவர் அதைக் கூட்டக் குறிப்புக் கோப்பில் எழுத வேண்டும். எழுதப்படாதது முடிவாகாது. இந்த விதிக்காக எங்களுக்குள் சண்டையும் வந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

கடைசிக் கேள்வி திறப்பைப் பற்றியது. முதலில் எல்லாக் கோப்புகளும் எங்களில் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தன. அவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றினாலோ, நாட்டை விட்டுப் போனாலோ, எங்களுடன் கோபித்துக் கொண்டாலோ, சங்கத்திடம் என்ன மிஞ்சும்? இப்போது கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. கடவுச்சொல் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தெரியும். முத்திரையிட்ட உறையில் ஒரு பிரதி சங்க அலுமாரியில் உண்டு. அங்கத்தவரின் முகவரிகளையும் தொலைபேசி இலக்கங்களையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலாக, நம்பித் தந்தவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை இது.

எனவே இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நிர்வாகம் மாறும் நாளில் வங்கிப் புத்தகத்தோடு கடவுச்சொல்லும் வன்தட்டும் கையளிக்கப்பட்டு, அது கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். மலரின் பிரதியொன்றை நூலகம் நிறுவனத்துக்கும் வழங்க வேண்டும். துணை அங்கத்தவர் முறை மலரோடு முடியாமல், மூத்த அக்காமாரின் வீடுகளுக்குத் தொடர்ந்து போக வேண்டும். அடுத்த குழு வேறு செயலிகளை எடுக்கலாம். அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை. இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

ரீச்சரின் குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்ட இருவரும் தனித்தனியே உட்கார்ந்து, நினைவிலிருந்ததை எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருவரிடமும் ஒன்றாக இருந்தவற்றை மட்டும் எடுத்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்தப் பக்கங்கள் மலரில் இருக்கின்றன. மீதி இடத்தை விளம்பரத்துக்குக் கொடுக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறோம். அவரிடம் படித்தவர்கள், உங்களுக்கு நினைவிருப்பதை உங்கள் பிரதியில் எழுதி, எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.