எடுத்து வைக்காத ஐம்பது ரூபாய்

  

இந்தக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் இன்றைக்குப் பேச வந்திருப்பவர் ஒரு வாத்தியார், பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவரிடம் மைக்கைக் கொடுப்பதில் ஆபத்து உண்டு என்பது விழாக் குழுவுக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்ல நினைப்பது ஒரே ஒரு விஷயம். பிள்ளை எந்தப் படிப்பு எடுப்பது என்று பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி ஊரே பேசுகிறது. பட்டம் வாங்கிய பிறகு வரும் இரண்டு மூன்று வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளையின் பாதையை வீடு உண்மையில் திருப்புவது அந்த வருஷங்களில்தான்.

இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். இதே உத்தமபாளையம் தாலுகாவில் பண்ணைப்புரம் இருக்கிறது. 1943-ல் அங்கே பிறந்த ராசையா என்ற பையன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வைகை அணை கட்டுமானத்தில் கூலி வேலை பார்த்தவன். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு மேடை மேடையாகப் போனவன். 1960-களின் கடைசியில் அவனுக்குச் சினிமாவில் இசையமைக்க மெட்ராஸ் போக வேண்டும் என்று ஆசை. அப்பா ராமசாமி அப்போது உயிரோடு இல்லை. வீட்டில் பெரியவர் என்றால் அம்மா சின்னத்தாயம்மாள்தான். கையில் பணம் கிடையாது. வீட்டில் விலைபோகக்கூடிய பொருளாக ஒரு ரேடியோ இருந்தது. அதை விற்றார். 400 ரூபாய் வந்தது. அந்தப் பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த ராசையாதான் இசையமைப்பாளர் இளையராஜா. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இளையராஜா இதைச் சொல்லும்போது தவறாமல் சேர்க்கும் இன்னொரு செய்தியைக் கேட்பவர்கள் கைதட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் செலவுக்கென்று அம்மா ஐம்பது ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு மீதி 350-ஐக் கொடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை, முழுசாகக் கொடுத்தார் என்பதுதான் அது. பொருளாதார வாத்தியாருக்கு அந்த ஐம்பது ரூபாய்தான் கதை. 400 ரூபாய் மெட்ராஸில் எத்தனை நாளைக்கு வரும்? பஸ் செலவு, ரூம் வாடகை, சாப்பாடு போக சில வாரம். அந்தத் தாய் வாங்கிக் கொடுத்தது காலம். "போய்ப் பாரு, நடக்கலேன்னா அடுத்த வாரம் வந்துரு" என்று ஒரு கயிற்றைக் காலில் கட்டி அனுப்பவில்லை.

மெட்ராஸில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வுக்குத் தயாரானார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். யாரோ போட்ட மெட்டுக்கு வாத்தியக் குறிப்பு எழுதினார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். ரேடியோ விற்றதற்கும் படம் வந்ததற்கும் நடுவே எத்தனை தீபாவளி போயிருக்கும்! ஒவ்வொரு தீபாவளிக்கும் பண்ணைப்புரத்தில் யாராவது ஒருத்தர், "உன் மகன் இன்னும் படத்துக்குப் பாட்டுப் போடலையா?" என்று கேட்காமலா இருந்திருப்பார்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரேடியோவை விற்றுக் கொடுத்த எல்லா வீட்டிலும் இளையராஜா பிறந்துவிடவில்லை. அவர் ஏறிய அதே வண்டியில் ஏறி, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களின் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஜெயித்தவரை மட்டும் காட்டி "உன்னால் முடியும்" என்கிறார்கள். வாத்தியாருக்கு அந்த வகைப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. கைதட்டல் கல்லூரி கேட்டைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். அடுத்த திங்கள்கிழமை காலையில் பிள்ளையை நகர்த்துவது வேறு: வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது.

அந்த முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்க, இதே தாலுகாவின் காமயகவுண்டன்பட்டியை எடுத்துக்கொள்வோம். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் வாழ்ந்த ஊர், காந்திக்குக் கோயில் கட்டிய ஊர். அந்தத் தியாகிகள் வீட்டில் கேட்டுவிட்டா ஜெயிலுக்குப் போனார்கள் என்று இங்கே யாராவது குறும்பாக நினைக்கலாம். அது வேறு கணக்கு. இன்றைய கணக்குத் திராட்சைக் கணக்கு. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். அதில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து, மருந்தடிப்பு, பூப்பூக்கும் நேரத்தில் மழை, வியாபாரி சொல்லும் விலை என்று ஒவ்வொரு போகமும் ஒரு சூதாட்டம். இந்தச் சூதாட்டத்தை வருஷம் முழுக்க ஆடும் அப்பா, மகளைப் பார்த்து, "மாசாமாசம் ஒண்ணாந் தேதி சம்பளம் வர்ற வேலைக்குப் போத்தா" என்கிறார் என்றால் அவருக்குக் கனவு இல்லை என்று அர்த்தம் இல்லை. மழைக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவர் மழை விழாத இடமாகப் பார்த்து மகளை உட்கார வைக்க நினைக்கிறார்.

விடியும் முன்பே கம்பத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு ஜீப்புகள் போகின்றன. மடியில் தூக்குவாளியோடு அதில் நெருக்கி உட்கார்ந்து போகும் அம்மாவிடம், பிள்ளை என்னவாக வேண்டும் என்று கேட்டால் பதில் டீச்சர், நர்ஸ், போலீஸ், வி.ஏ.ஓ., பேங்க் என்ற ஐந்துக்குள் அடங்கிவிடும். அவர் வாழ்க்கையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தானே! பார்த்ததைத்தான் கேட்க முடியும்.

அதன் விளைவைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கணக்கில் பார்க்கலாம். 2024-ல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டினாலும் இருநூறுக்குக் கீழே வரவில்லை. குரூப் 4 எழுதக் கூடாது என்பதல்ல பேச்சு. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஆசைப்பட்டு எழுதுகிறார்கள், எத்தனை பேர் "சும்மா இருக்கான்" என்ற சொல்லுக்குப் பதிலாக எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், ஜீப்பில் போகும் அந்த அம்மாவுக்கு ஏலக்காயைப் பற்றித் தெரிந்தது பல பட்டதாரிகளுக்குத் தெரியாது. எது பறிக்கும் பக்குவம், எது இன்னும் பிஞ்சு என்று கை வைத்தாலே சொல்வார். அந்தக் காய் உலர்ந்து, சலித்து, எட்டு மில்லிமீட்டர் பருமன் என்று தரம் பிரிந்து, போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் கணினி ஏலத்தில் விலை போகிறது. தரப் பரிசோதனை, ஏற்றுமதி, கணக்கு, மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வுக்கூடம் என்று வேதியியலும் வணிகவியலும் படித்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. பக்கத்து ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் "நாங்க படுற பாடு போதாதா, நீயும் காய்க்கும் கொடிக்கும் போகணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். பாடுபட்ட இடம் பிள்ளைக்கு உத்தியோகமாகத் தெரியக் கூடாது என்ற வைராக்கியம்.

ஆசை காட்டி வேலை வாங்குவது இன்னொரு வீட்டு வழக்கம். "எல்லா பேப்பரும் கிளியர் பண்ணு, வண்டி வாங்கித் தர்றேன்." அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டெசி 1971-ல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கட்டைகளைப் பொருத்தி உருவம் செய்யும் புதிர் விளையாட்டு. ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு கட்டத்தில் புதிருக்கு ஒரு டாலர் என்று காசு கொடுத்தார், பிறகு நிறுத்தினார். நடுவில் தன் அறையை விட்டு வெளியே போய், அவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். காசு வாங்கிப் பழகியவர்கள், காசு நின்ற பிறகு, முன்பைவிடக் குறைவான நேரமே புதிரைத் தொட்டார்கள். டெசியும் அவரது சகா ரிச்சர்டு ரயானும் பிற்பாடு இதை வளர்த்து ஒரு கோட்பாடாகவே ஆக்கினார்கள்: தானாகத் தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, கைவருகிறது என்ற நம்பிக்கை, நம்மை நேசிக்க ஆள் இருக்கிறது என்ற தெம்பு, இந்த மூன்றும் இருந்தால் மனிதன் விரட்டாமலே ஓடுவான். வண்டி அந்த மூன்றில் எதுவும் இல்லை. (வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் முன்வரிசை மன்னிக்கவும்.)

இப்படிச் சொல்வதால், பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று அர்த்தமாகிவிடக் கூடாது. இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவனின் கதை இதற்கு நேர் எதிராகத் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளையில் விவசாயக் குடும்பம். தமிழ் வழியில் அரசுப் பள்ளி. அப்பா கைலாசவடிவு மகனுக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்த அளவுகோல் ஒன்றுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்து வயலில் வேலை பார்ப்பான், ஆள் கூலி மிச்சம். மகனுக்கு இன்ஜினீயரிங் ஆசை. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். அப்பா அசையவில்லை. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார்.

பட்டம் முடிந்தபோது அப்பாவே கூப்பிட்டுச் சொன்னாராம்: ஒரு தடவை உன் விருப்பத்தைத் தடுத்துவிட்டேன், இந்தத் தடவை தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். அதுவரை வேட்டிதான், பேன்ட் போட்டதே அங்கே போய்த்தான். 1980-ல் படிப்பு முடிந்தது, அந்தத் துறையில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு. 1982-ல் இஸ்ரோ. செயற்கைக்கோள் மையத்துக்குப் போக ஆசைப்பட்டார், விக்ரம் சாராபாய் மையம் கிடைத்தது. அங்கே காற்றியக்கவியல் பிரிவைக் கேட்டார், பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் போட்டார்கள். கேட்டது எதுவும் கேட்டபடி கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2018-ல் இஸ்ரோவின் தலைவரானார்.

பதினேழு வயதில் "மாட்டேன்" என்று சொன்ன அப்பாவை வில்லனாக்குவது சுலபம். ஆனால் பிள்ளைக்கு இருபது வயதானபோது தன் முடிவைத் தானே திருப்பி எடுத்துப் பார்க்க அவரால் முடிந்தது. அதுவும் வெறும் வாயால் அல்ல, நிலத்தை வைத்து. இங்கே உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் பலர் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பாடத்துக்கு "வேண்டாம்" சொன்னவர்கள்தான். அதோடு கதை முடிந்துவிடவில்லை.

வாத்தியார் படித்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் உத்தமபாளையம்தான் பக்கம். 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் தொடங்கிய கல்லூரி. அதற்கு முன் மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டும், அதனால் பல வீடுகளில் பேச்சே எழாது. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். இன்று நிலைமை எப்படி மாறியிருக்கிறது! 2021-22-ன் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28.4. தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் ஆண்களை மெல்லிசாகத் தாண்டியும் இருக்கிறது.

இதில் அரசாங்கம் செய்த ஒரு காரியம் வாத்தியாருக்கு ரொம்பப் பிடிக்கும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம்: பட்டம் படித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும். 2022-ல் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். புதுமைப்பெண் என்ற பெயரில் மாதம் 1,000 ரூபாய், படிக்கும் காலத்திலேயே, மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில். தொகையை விட முக்கியம், அது எப்போது வருகிறது, யார் பெயரில் வருகிறது என்பது. 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. ஆனால் இரண்டும் பட்டம் வாங்கும் நாளோடு நின்றுபோகும். வாத்தியார் முதலில் சொன்ன அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு அரசாங்கத்தின் பணம் வராது. அதை வீடுதான் தாங்க வேண்டும்.

எல்லா வீட்டாலும் தாங்க முடியாது என்பதும் தெரிந்ததுதான். விற்க ரேடியோவும் நிலமும் இல்லாத வீடுகள் இந்த ஊர்களில் நிறைய. தம்பிக்கு ஃபீஸ், அக்கா கல்யாணக் கடன், சங்கத்தில் வாங்கிய நகைக்கடன். அதனால் வாத்தியார் கேட்பது பெரிய தியாகம் அல்ல, ஒரு பேச்சுவார்த்தை. இன்று ராத்திரி பட்டத்தை ஸ்டீல் பீரோவில் வைப்பதற்கு முன்னால், பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அப்பா, எனக்கு இந்த வேலைக்கு முயற்சி பண்ணணும். பதினெட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் காலையில ரெண்டு மணி நேரம் டியூஷன் எடுத்து என் செலவை நானே பார்த்துக்கிறேன். கவாத்து நாள்ல தோட்டத்துக்கு வந்துர்றேன்." அப்பாவும் திறந்து சொல்ல வேண்டும்: கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும், நடுவில் மாமாவோ சித்தப்பாவோ "என்ன, சும்மாவா இருக்கான்?" என்று கேட்டால் வீட்டில் யார் பதில் சொல்வது. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் பார்க்கும்படி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம். பதினெட்டாவது மாதம் வந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசலாம், வேறு வேலையும் பார்க்கலாம்.

முதல்வர் பட்டியலைக் கையில் எடுத்துவிட்டார். முதல் பெயர் வேதியியல் துறையிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னார்கள்.