டீச்சருக்கு ஒரு துணை



நம் குழுப் பெண்கள் பலர் காலையில் ஒரகடம் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். பிள்ளைகள் அங்கன்வாடியில். அங்கே ஒரே டீச்சர்; பாடமும் சொல்லணும், எடையும் பார்க்கணும், பதிவேடும் எழுதணும்.

கூட ஒருவர் இருந்தால் என்ன மாறும்? 2016-ல் தொடங்கி, தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். 320 மையங்கள், குலுக்கல் போட்டு, பாதி மையங்களில் மட்டும் பாடத்துக்கென்று ஒரு அரைநாள் பணியாளர். ‘நல்ல ஊராகப் பொறுக்கினீர்கள்’ என்று யாரும் சொல்லக்கூடாதே, அதற்குத்தான் குலுக்கல்.

ஒன்றரை வருஷத்தில் அந்த மையங்களில் பாடநேரம் இரட்டிப்பானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் குறைந்தார்கள்.

உங்க டீச்சரிடமும் இதைச் சொல்லுங்கள். ஆராய்ச்சி அவருக்கும் பலம். அடுத்த கிராம சபையில் சேர்ந்து கேட்போம்: எங்கள் மையத்துக்கு இன்னொருவர் எப்போது?