முதுமைத் தளர்ச்சியை முன்னரே அறிவோம்
(ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நம் இல்லங்களில் அடிக்கடி கூறுகிறோம். மருத்துவத்தால் சீர்செய்யக்கூடிய ஒரு நிலையை இச்சொல் பலநேரம் மறைத்துவிடுகிறது. அதுவே முதுமைத் தளர்ச்சி. எண்பதிலும் திடமாக நடப்போர் உண்டு. அறுபத்தைந்திலேயே தளர்ந்தோரும் உண்டு. உடலின் சேமிப்பாற்றல் குன்றியோரைச் சாதாரணக் காய்ச்சலும் படுக்கையில் தள்ளிவிடும். ஒரு வழுக்கல் இடுப்பெலும்பு முறிவில் முடியும்.

2001-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். ஓராண்டில் முயற்சியின்றியே நாலரை கிலோ எடை குறைதல், ஓயாத சோர்வு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மெதுவாதல், உடலுழைப்பு அருகுதல் என்பன அவை. மூன்றோ அதற்கு மேலோ காணப்படின் தளர்ச்சி; ஒன்றோ இரண்டோ காணப்படின் அதன் முன்நிலை. முன்நிலையில் மீள்வது எளிது.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகளும் உள. தரையில் 4 மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிகளுக்கு மேலானால் மருத்துவரிடம் காட்டுதல் நலம். நாற்காலியினின்று எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் விழும் அபாயம் உண்டு. சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்பது அவசியம்.

பள்ளிக்கு வரும் பெரியவரின் நடை தளர்வதை நாம் காண்கிறோம். ஆயின் வீட்டினுள் இருக்கும் நம் தாய்மார்களைக் காண்பவர் யார்? பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனித்திருந்து, தேநீரும் ரொட்டியுமாகப் பொழுதைக் கழிக்கும் மூதாட்டியரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

தளர்ச்சி தென்படின் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையற்றவற்றை அவர் நிறுத்துவார். முட்டை, மீன், பருப்பு ஆகிய புரத உணவும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் பெரும் பயன் தரும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டுக.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டுள்ளது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம்.

இவ்வாரமே நம் இல்லத்து முதியவரை ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்ப்போம். வெளிநாட்டில் இருப்போர் அண்டை வீட்டாரிடம் இப்பொறுப்பை ஒப்படைப்பீர்களாக.