வேலைக்கு எழுத்து வேண்டாமா?



வேலைக்கு ஆள் வைக்கும் முதலாளி என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே இன்று நாம் பேச வந்த விஷயமாகும்.

கால் காணி நிலம் வாங்குகிறவன் நாலெல்லை குறித்து, முத்திரைத்தாளில் எழுதி, ரிஜிஸ்டர் செய்து, பத்திரத்தைப் பெட்டியில் பூட்டுகிறான். பிள்ளை பிறந்தால் நாழிகை தவறாமல் ஜாதகம் எழுதுகிறான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து முப்பது வருஷம் உழைக்கும் இடத்தில் மாத்திரம் ஒரு வரி எழுத்துக் கிடையாது. கேட்டால், "நமக்குள் எழுத்தெதற்கு? மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்கிறார் முதலாளி. பாங்கியில் கடன் கேட்கும்போது அவர் அந்த மேலே உள்ளவனை ஜாமீன் காட்டுகிறாரா?

எழுத்தே இருந்ததில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஒரு பக்கத்தை மாத்திரம் கட்டும் எழுத்து இருந்தது. 1859-ஆம் வருஷத்து 13-வது சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப்போய், மாஜிஸ்திரேட்டு உத்தரவுக்கும் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கூலி கொடாத முதலாளிக்கு அதில் சிறையில்லை! அதை ரத்துச் செய்ய 1925-ல்தான் சட்டம் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் நம்மவர்களுக்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. அதில் கண்ட கடனை எந்தத் தோட்டத்துரை கட்டுகிறாரோ அவரிடம் ஆள் மாறுவான். மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1921-ல் அது ஒழிக்கப்பட்டது.

ஆகவே, எழுத்து இருந்தால் போதாது. இருவரையும் கட்டும் எழுத்தாக இருக்க வேண்டும்.

முதலாவது, வேலை இன்னது, இடம் இன்னது, இன்ன தேதி முதல் என்று எழுத வேண்டும். கடைக்குக் கணக்கெழுத வந்தவனை முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கச் சொல்ல இடமிருக்கக் கூடாது. இரண்டாவது, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பது, எதற்கு மாத்திரம் பிடித்தம் என்பது. மூன்றாவது, வேலை நேரமும், மிஞ்சிய நேரத்துக்குக் கூலியும். 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டமே வாரம் 48 மணிக்கு மேற்பட்டால் இரட்டைக் கூலி என்றது. நான்காவது, ஓய்வுநாள், லீவு, பெண்களுக்குப் பிரசவ லீவு, விபத்துக்கு நஷ்டஈடு, பிராவிடண்ட் பண்டு. ஐந்தாவது, விலகவும் விலக்கவும் நோட்டீஸ் காலம். அது இருவருக்கும் ஒரே அளவாயிருக்க வேண்டும். முன்பணம் கொடுத்தால் தொகையும் திரும்பச் செலுத்தும் விதமும் எழுதலாம். ஆளை அடகு பிடிக்கலாகாது. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கிற்று.

சட்டம் கொடுத்த உரிமையைக் குறைத்து எழுதினால் அது செல்லாது. எழுதியதைத் தமிழில் படித்துக்காட்டி, ஒரு பிரதியைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்பந்தமல்ல, பித்தலாட்டமேயாகும். யோக்கியமான முதலாளிக்கும் இதனால் நன்மையுண்டு. முன்பணத்தைப் பற்றியோ, திடீரென்று நின்றுவிட்டதைப் பற்றியோ வழக்கு வந்தால் அவருக்கும் இந்தக் காகிதமே சாட்சி.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நமக்குப் போதிக்கிறார்கள். தோழர்களே! யார் யாருக்கு உப்பிட்டது? முதலாளி வீட்டு உப்பும் தொழிலாளியின் உழைப்பில் வந்ததல்லவா? எழுத்துக் கேட்பது நன்றிகெட்டதனமல்ல, சுயமரியாதையாகும்.

ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டிட்டு, அதை ஓட்டுகிறவனுக்குப் பொரிகடலை கொடுக்கும் முதலாளிமார்களே! அவன் கையில் இந்தக் காகிதத்தையும் கொடுங்கள் என்று கேட்டு முடித்துக்கொள்ளுகிறோம்.