பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி எங்கே?



முன்னாளில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில், ஒரு தொழிலாளியின் வேலை நாள், சம்பளம், பிடித்தம் எல்லாம் கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் அடங்கியிருந்தன. இன்று பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. அங்கிருந்து ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த மக்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, வாரிசு விவரம் ஆகியவை இப்போது மடிக்கணினிகளில் இருக்கின்றன.

1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்ட மக்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அப்படி வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு உரியவர் யார் என்று காட்டும் விவரங்கள் அயலார் கையில் சிக்கினால், மோசடிக்குக் கதவு திறந்துவிடும்.

இதைத் தடுக்க மறைகுறியாக்கம் என்னும் முறை இருக்கிறது. கணினியின் வட்டில் உள்ள அனைத்தையும், சாவியின்றிப் படிக்க முடியாதபடி அது மாற்றி எழுதிவிடும். ஆனால் நேயர்களே, அந்தச் சாவி எங்கே இருக்கிறது?

வட்டை இரும்புப் பெட்டி என்றும், நினைவகத்தைக் கிராணியாரின் மேசை என்றும் வைத்துக்கொள்வோம். வேலை நடக்கும்வரை பெட்டியின் சாவியும், திறந்த புத்தகமும் மேசைமேல்தான் கிடக்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது பெரும்பாலும் உறங்குகிறதே தவிர, அணைவதில்லை. சாவியை மேசையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதைப் போன்றது அது.

மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவகம் உடனே வெறுமையாகிவிடும் என்று பலர் எண்ணியிருந்தனர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய நண்பர்களும் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினர். நினைவகச் சில்லை ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழே 50 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தபோது, மின்சாரமின்றிப் 10 நிமிடம் கழிந்தும் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை. அதிலிருந்து சாவியையும் மீட்டெடுத்தார்கள். 2018ஆம் ஆண்டில் எஃப்-செக்யூர் நிறுவனத்தின் வல்லுநர்கள், உறங்கும் மடிக்கணினிகளில் இத்தகைய தாக்குதலை மீண்டும் செய்து காட்டினர்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை நான்கு.

முதலாவது, அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது கணினியை உறங்க விடாமல் முழுமையாக அணையுங்கள். அணைத்த பின் சில நிமிடங்கள் அது உங்கள் பார்வையில் இருக்கட்டும். குளிர்விக்காத நினைவகம் அதற்குள் வெறுமையாகிவிடும்.

இரண்டாவது, தொடக்க இரகசிய எண் வையுங்கள். பிட்லாக்கர் போன்ற முறைகளில், அந்த எண் இல்லாவிட்டால், கணினி விசையைத் தட்டியதுமே தன்னுள் இருக்கும் பாதுகாப்புச் சில்லிலிருந்து சாவியை எடுத்து நினைவகத்தில் வைத்துவிடும். கடவுச்சொல் கேட்பது அதற்குப் பிறகுதான். திருடன் விசையைத் தட்டினாலும் அதுவே நடக்கும்.

மூன்றாவது, ஒரு கோப்புறையை மட்டும் பூட்டாமல், வட்டு முழுவதையும் பூட்டுங்கள். நினைவகத்தில் இடம் போதாதபோது கணினி அதில் ஒரு பகுதியை வட்டில் எழுதுகிறது. ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போதும் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவைக்கிறது. அந்த இடம் பூட்டப்படாவிட்டால், சாவியே அங்கு எழுதப்பட்டுவிடக்கூடும்.

நான்காவது, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். மடிக்கணினிப் பைக்குள் வைக்காதீர்கள்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் தொடர்பில் பிறர் விவரங்களைக் கையாள்வோர் அவற்றைக் காக்கவேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் பொருட்டு மட்டுமல்ல, நம்மை நம்பி அடையாள அட்டையைக் கையில் கொடுத்த பெரியவர்களின் பொருட்டும் இதைச் செய்வோம். அந்தக் காலத்துக் கிராணியார் பெட்டியைப் பூட்டியதும் சாவியைத் தம் மடியில் செருகிக்கொள்வார். கணினியின் சாவிக்கும் மேசைமேல் இடம் தரலாகாது.