பள்ளிவாசல் திரைகளும் நம் பொறுப்பும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

நமது பள்ளிவாசலின் நுழைவாயில், ஒளூச் செய்யும் இடம், மாடி, பெண்கள் பகுதி, மக்தப் கூடம் ஆகிய ஐந்து இடங்களிலும் திரைகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு திரைக்கும் பின்னால் ஒரு சிறு பிளேயர் பெட்டி உண்டு. அவை யாவும் அலுவலகக் கணினியோடு இணைக்கப்பட்டுள்ளன. வீடியோ கோப்புகளைத் தயாரிப்பது இளைஞர்களின் வேலையாயிற்றே, இமாமுக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிவாசல் சுவரில் தெரிவதைப் பள்ளிவாசலே சொன்னதாக மக்கள் நம்புகிறார்கள். ஆகவேதான் பேசுகிறோம்.

ரமளானில் ஓர் அன்பர் வாழ்த்து வீடியோ ஒன்றைத் தயாரித்து, அதன் அடியில் அன்றைய இஃப்தார் நேரத்தையும் பொறித்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அது உண்மை. இரண்டு வாரம் கழித்தும் அதே கோப்பு சுழன்றுகொண்டிருந்தால் அது பொய்யாகிவிடும். சூரியன் மறையும் நேரம் சென்னையில் நவம்பர் இறுதிக்கும் ஜூலைத் தொடக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபடுகிறது. சூரியன் மறையுமுன் மறைந்துவிட்டதாக எண்ணி நோன்பு திறந்தவர் அதைக் களாச் செய்ய வேண்டும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் சட்டம். எனவே தொழுகை நேரத்தையோ இஃப்தார் நேரத்தையோ எந்த வீடியோவிலும் பொறிக்கலாகாது. அது அட்டவணையிலிருந்து நாள்தோறும் தனிப்பட்டையில் தானாக வரட்டும். இன்னொன்று, இத்தகைய சிறு பெட்டிகள் சிலவற்றில் கடிகாரத்துக்கென மின்கலம் கிடையாது. மின்சாரம் போய் வந்தபின், இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை அவை பழைய நேரத்தையே காட்டும். மோதினார் திரையைப் பார்த்துப் பாங்கு சொல்ல வேண்டாம்.

எழுத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தமிழும் அரபியும் வீடியோவிலேயே பொறிக்கப்பட்டிருப்பதே நல்லது. தக்க எழுத்துரு இல்லாத பெட்டியில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அரபி எழுத்துகள் சேராமல் தனித்தனியே உதிர்ந்து கிடக்கும். திருவசனம் அவ்வாறு சிதைந்து தெரிவதைவிடத் தெரியாமலிருப்பதே மேல்.

கோப்பின் அளவு 1920-க்கு 1080. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் அகன்ற திரையில் நடுவே ஒரு கீற்றாகத்தான் தெரியும். படுக்கை வாட்டில் பிடித்து எடுங்கள். புதிய கைபேசிகள் பல எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. பழைய பெட்டிகள் சில அதைப் படிக்காமல் இருண்டு நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளால் எச்.264 முறைக்கு மாற்றி, எம்.பி.4 கோப்பாகத் தாருங்கள். வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்திற்கு 60 மெகாபைட் ஆகும். அறிவிப்புக்கு அரை நிமிடமே தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவிழக்கும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டு வாருங்கள். இசை வேண்டாம். ஒலியே வேண்டாம்.

ஐந்து பெட்டிகளுக்கும் கோப்புகளை இஷாவுக்குப் பின் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஓட்டுவதால் இடையில் இணைப்பு அறுந்தாலும் திரை நிற்காது. பாதி வந்த கோப்பை ஓட்டிவிடாதிருக்க, கோப்பின் அளவு இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கோப்பின் பெயரிலேயே தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கட்டும். முடிவு நாள் இல்லாத கோப்பை ஏற்க வேண்டாம். ஒரு தாயை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் ஃபஜ்ருக்கு வரும் மகன், 'அஸருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை' என்ற அறிவிப்பை நுழைவாயிலில் மீண்டும் காண நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

நம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்வது பைத்துல்மால் வீடியோக்களே. தையல் இயந்திரம் பெறும் விதவையின் முகத்தைக் காட்டினால் நன்கொடை பெருகும் என்கிறார்கள். பெருகலாம். அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டோம் என்றும் சொல்கிறார்கள். கை நீட்டி நிற்பவர் மறுக்கவா முடியும்? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு ஈந்தவரின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்க, நாம் ஐந்து திரைகளில் காட்டுவதா? இயந்திரத்தைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள், முகம் வேண்டாம். முன்பு எடுத்தவற்றையும் அழித்துவிடுங்கள். பட்டியலிலிருந்து நீக்கினால் திரையில் வராது, அவ்வளவுதான். கோப்பு பெட்டியின் நினைவகத்திலேயே கிடக்கும். ஐந்து பெட்டிகள், அலுவலகக் கணினி, எடுத்தவரின் கைபேசி ஆகிய அனைத்திலும் அழித்தால்தான் அழித்ததாகும்.

குத்பாவின்போதும் இகாமத் சொன்னது முதலும் திரைகள் அணைந்திருக்க வேண்டும். வேலைப்பாடுள்ள ஒரு மேலாடை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததென்று நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பியனுப்பினார்கள். ஓடும் படத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வெள்ளிக்கிழமைக்கான கோப்புகளைப் புதன் இஷாவுக்குள் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நாமும் செயலாளரும் மக்தப் திரையில் ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகே மற்ற நான்குக்கும் அவை செல்லும். ஜனாஸா அறிவிப்புக்கு இந்தக் கெடு இல்லை, எந்நேரமும் தரலாம்.

வஸ்ஸலாம்.